வேகம் எடுத்தால் படம் போகிறது, குடா வாயில் தரை காணவில்லை: ஃபிஷ் ஃபைண்டர் பழுதாகிவிட்டதா?

கேள்வி: நான் மூதூர். 18 அடி கண்ணாடியிழைப் படகு, சுவிட்ச் ஸ்டார்ட் உள்ள 25 குதிரைவலு இயந்திரம். பின்பலகையில் டிரான்ஸ்டியூசர் வைத்து, ஐந்து அங்குலத் திரையுள்ள ஃபிஷ் ஃபைண்டர் பூட்டியிருக்கிறோம். மாரி முடிந்து படகை இறக்கியதிலிருந்து படம் மங்கலாக இருக்கிறது. வேகம் எடுத்தால் படமே போய்விடுகிறது. கொட்டியாரக் குடா வாயைத் தாண்டினால் ஆழ எண் மின்னிக்கொண்டே நிற்கிறது. சில நேரம் 40 மீற்றர் என்று காட்டுகிறது, ஆனால் அங்கே அவ்வளவு குறைந்த ஆழம் கிடையாது. இயந்திரத்தை ஸ்டார்ட் செய்தால் திரை அணைந்து மறுபடி எரிகிறது. கடையில் காட்டினோம், கருவி போய்விட்டது, புதியது வாங்குங்கள் என்கிறார்கள். வாங்கத்தான் வேண்டுமா?

பதில்:

இப்போதைக்கு வாங்க வேண்டாம் தம்பி. நீங்கள் சொன்ன குறைகளில் ஒன்றுகூடத் திரைக்குள் இருக்கும் பழுதாக எனக்குத் தெரியவில்லை. மங்கலுக்குக் காரணம் அநேகமாக டிரான்ஸ்டியூசரின், அதாவது தண்ணீருக்குள் ஒலியை அனுப்பி எதிரொலியைக் கேட்கும் உறுப்பின், முகத்தில் இருக்கும். வேகத்தில் படம் போவதற்குக் காரணம் அது பூட்டப்பட்ட இடம். அணைந்து எரிவது பற்றரியும் வயரும் சம்பந்தப்பட்டது. குடா வாயில் எண் மின்னுவது பழுதே அல்ல, அங்கே கடல் அப்படி.

திரை நன்றாக இருக்கிறதா என்பதை வீட்டிலேயே பார்த்துவிடலாம். அநேகமான கருவிகளின் மெனுவில் சிமுலேட்டர் அல்லது டெமோ என்று ஒன்று இருக்கும். டிரான்ஸ்டியூசர் இல்லாமலே ஒரு பாவனைப் படத்தை அது ஓட்டிக் காட்டும். அந்தப் படம் நிறம் குன்றாமல், கோடு விழாமல் ஓடினால் திரை நலம். இந்த ஒரு சோதனையைக்கூடச் செய்யாமல் "கருவி போய்விட்டது" என்று ஒருவரை அனுப்பிவிடுவது சரியல்ல. கடலை நம்பி வாழும் குடும்பத்துக்கு ஐந்து அங்குலத் திரையின் விலை சிறிய தொகை அல்ல.

இனி ஒவ்வொன்றாகப் பார்ப்போம். டிரான்ஸ்டியூசருக்குள் ஒரு பீங்கான் வில்லை இருக்கிறது. மின்சாரம் கொடுத்தால் அது அதிர்ந்து தண்ணீருக்குள் ஒலியை அனுப்பும். திரும்பி வரும் ஒலி அதை அதிரச் செய்தால் மின்சாரத்தைத் தரும். வாயும் காதும் அதுவே. கடல்நீரில் ஒலி விநாடிக்கு ஏறத்தாழ 1500 மீற்றர் போகிறது. ஆகவே 75 மீற்றர் ஆழத்துக்குப் போய்த் திரும்ப விநாடியில் பத்தில் ஒரு பங்கு ஆகும். கருவி அளப்பது இந்த நேரத்தை மட்டுமே. ஆழம், மீன், பார் (கடலடிப் பாறை), சேறு எல்லாம் அந்த நேரத்திலிருந்தும் எதிரொலியின் வலிமையிலிருந்தும் அது போடும் கணக்கு. இதில் பெரிய எதிரி காற்று. தண்ணீரிலிருந்து காற்றுக்குள் ஒலி நுழையாது, மோதித் திரும்பிவிடும். டிரான்ஸ்டியூசரின் முகத்தில் மெல்லிய குமிழிப் படலம் ஒன்று ஒட்டியிருந்தாலே போதும், கீழே இருப்பது எதுவும் தெரியாது.

குடா வாயிலிருந்து தொடங்குகிறேன். திருகோணமலைக் கடலைத் தெரியாத கடைக்காரர் இதைத்தான் பழுது என்று நினைத்திருப்பார். கொட்டியாரக் குடாவுக்குள் ஒரு கடலடிப் பள்ளத்தாக்கு நுழைகிறது. குடாவின் வாய்ப் பகுதியிலேயே ஆழம் நூற்றுக்கணக்கான மீற்றர்களுக்கு இறங்கிவிடும். வெளிக்கடலில் அதே பள்ளம் 3000 மீற்றருக்கும் கீழே போகிறது. நீலத் திமிங்கிலங்கள் கோணேசர் கோயில் இருக்கும் சுவாமி மலையிலிருந்து பார்க்கும் தூரத்துக்கு வருவதற்கும் கரையை ஒட்டிய இந்த ஆழம் ஒரு காரணம். உங்கள் கருவியின் வலு சில நூறு வாட். அதில் 200 கிலோஹேர்ட்ஸ் என்ற உயர்ந்த அலைவரிசை ஒலியை உப்புநீர் வேகமாக விழுங்கிவிடும். நூறு, நூற்றைம்பது மீற்றருக்குக் கீழே அதிலிருந்து தெளிவான தரையை எதிர்பார்க்கக் கூடாது. 50 கிலோஹேர்ட்ஸ் என்ற தாழ்ந்த அலைவரிசை இன்னும் ஆழமாக இறங்கும், ஆனால் அதற்கும் எல்லை உண்டு. தரையின் எதிரொலி வந்து சேரவில்லை என்றால், கடைசியாகப் பிடித்த எண்ணை மின்னவிட்டு "தரை தவறிவிட்டது" என்று கருவி சொல்கிறது. அது தன் வேலையை ஒழுங்காகச் செய்கிறது என்றுதான் அதற்குப் பொருள்.

அப்படியானால் 40 மீற்றர் எங்கிருந்து வந்தது? இதற்கு இரண்டு காரணங்கள் இருக்கலாம். ஒன்று, பழைய ஒலியின் எதிரொலி. கருவி 150 மீற்றர் வரை பார்க்கும்படி நிற்கிறது, 0.2 விநாடிக்கு ஒரு ஒலி அனுப்புகிறது என்று வையுங்கள். உண்மையான தரை 340 மீற்றரில் இருந்தால் அதன் எதிரொலி வர 0.45 விநாடிக்குச் சற்று மேல் ஆகும். அதற்குள் இன்னும் இரண்டு ஒலிகள் போய்விட்டன. வந்த எதிரொலியைக் கடைசி ஒலிக்குரியது என்று கருவி எடுத்துக்கொள்கிறது. 340-இல் 300 போக மீதி 40. இதைச் சோதிப்பது எளிது. ரேஞ்சை, அதாவது கருவி பார்க்கும் ஆழ எல்லையை, மாற்றுங்கள். உண்மையான தரை அதே ஆழத்தில் நிற்கும். பொய்த் தரை இடம் மாறும் அல்லது மறைந்துவிடும்.

இரண்டாவது காரணம் தண்ணீருக்குள்ளேயே இருக்கும் படலங்கள். மேலே சூடான நீரும் கீழே குளிர்ந்த நீரும் சந்திக்கும் இடத்தில் மிதவை உயிர்கள் கூடி நிற்பதால் ஒரு புகைக்கோடு தெரியும். பொழுது சாயும்போது ஆழத்திலிருந்து மிதவை உயிர்களும் சிறு மீன்களும் கூட்டமாக மேலே ஏறி வரும், விடியும்போது இறங்கும். தரை எட்டாத ஆழத்தில் இந்தக் கூட்டத்தையே கருவி தரை என்று பிடித்துக்கொள்வதுண்டு. உண்மைத் தரையின் மேல்விளிம்பு கூர்மையாக இருக்கும். இது பஞ்சுபோல் இருக்கும். இரவில் தூண்டில் போடுகிறவர்கள் இந்த வேறுபாட்டைக் கண்ணால் பழகிக்கொள்ள வேண்டும்.

பள்ளத்தின் சரிவில் இன்னொரு விடயம் உண்டு. ஒலி கீழே போகப் போக விரிகிறது. 200 கிலோஹேர்ட்ஸ் கற்றை 20 பாகை என்றால் 30 மீற்றர் ஆழத்தில் அது பார்க்கும் வட்டத்தின் விட்டம் பத்தரை மீற்றர். 50 கிலோஹேர்ட்ஸ் கற்றை 45 பாகை என்றால் ஏறத்தாழ 25 மீற்றர். செங்குத்தான சரிவின் மேல் நிற்கும்போது இந்த அகலக் கற்றையின் ஓரம் பள்ளத்தின் சுவரில் முதலில் படும். அந்த எதிரொலி முந்தி வருவதால், படகுக்கு நேர் கீழே இருப்பதைவிடக் குறைந்த ஆழத்தைத் திரை காட்டும். தரைக்கோடும் தடித்து இழுபட்டுத் தெரியும். சரிவோரத்தில் கலவாய்க்கும் விளைமீனுக்கும் தூண்டில் இறக்குகிறவர்கள் 200-ஐ வைத்துக்கொண்டு மெதுவாகப் போவதே நல்லது. எல்லைக்கு வெளியே போன பிறகுதான் 50-க்கு மாற்ற வேண்டும்.

கருவி சொல்லும் ஆழம் சரியா என்ற ஐயம் தீர நம்மவர்களின் பழைய வழியே போதும். பத்துப் பாகம் ஆழமுள்ள, தட்டையான தரையுள்ள இடத்தில் படகை நிறுத்தி, ஈயக்குண்டு கட்டிய கயிற்றை இறக்கிப் பாருங்கள். பத்துப் பாகம் என்றால் 18 மீற்றருக்குச் சற்று அதிகம். திரையும் கயிறும் ஒத்துப்போனால் கருவியின் மீது குறை சொல்ல ஒன்றும் இல்லை. திரையில் அலகைப் பாகத்துக்கே மாற்றியும் வைக்கலாம். அநேகமான கருவிகளில் அந்த வசதி இருக்கிறது.

வேகத்தில் படம் போவதற்கு வருவோம். படகு ஓடும்போது அடிப்பக்கத்தில் காற்று கலந்த நீர் பாய்கிறது. அணியத்தில் (படகின் முன்புறத்தில்) அலை மோதி உண்டாகும் குமிழிகள், அடிப்பக்கத்து வரம்புகளில் உரசி வரும் சுழல், புரொப்பெல்லர் அடித்துக் கலக்கும் நீர் எல்லாம் பின்பலகைக்குத்தான் வந்து சேரும். படகை மிதமான வேகத்தில் ஓடவிட்டு, பின்னால் எட்டிப் பாருங்கள். எந்த இடத்தில் நீர் வெள்ளையாக நுரைக்காமல் கண்ணாடிபோல் கழன்று போகிறதோ அதுதான் டிரான்ஸ்டியூசருக்கு இடம். பொதுவாக வெளியிணைப்பு இயந்திரங்களின் புரொப்பெல்லர் பின்னாலிருந்து பார்த்தால் வலஞ்சுழியாகச் சுற்றும். ஆகவே வலப்பக்கத்தில், புரொப்பெல்லரிலிருந்து ஏறத்தாழ 40 சென்ரிமீற்றராவது தள்ளிப் பூட்டுவது வழக்கம். அடிப்பக்க வரம்புக்கோ, ஆணித் தலைக்கோ, ஒட்டுப்போட்ட இடத்துக்கோ நேர் பின்னால் வைக்கக் கூடாது.

உயரமும் முக்கியம். கண்ணாடியிழைப் படகில் டிரான்ஸ்டியூசரின் முகம் அடித்தளத்தைவிட 3 மில்லிமீற்றர் அளவு கீழே நிற்க வேண்டும். மேலே ஏறினால் நுரைக்குள் போய்விடும்; அதிகம் இறங்கினால் அதுவே நீரைக் கிழித்துக் குமிழி உண்டாக்கும், தண்ணீரும் பீறிடும். சாய்வைப் பொறுத்தவரை முன்விளிம்பைவிடப் பின்விளிம்பு ஓரிரு மில்லிமீற்றர் கீழே இருக்கட்டும். தாங்கியைச் சிறிது சிறிதாக நகர்த்தி, ஒவ்வொரு முறையும் ஓட்டிப் பார்த்துத்தான் சரியான நிலையைப் பிடிக்க முடியும். பொறுமையான வேலை, ஆனால் பணம் செலவில்லை. மாரிக்கு முன் வேகத்திலும் படம் நின்றிருந்தது என்றால், படகைக் கரையேற்றும்போது தாங்கி இடித்து வளைந்திருக்க வாய்ப்பு அதிகம். அதை முதலில் பாருங்கள்.

நம் பக்கம் திருக்கடலூர், உப்புவெளி, நிலாவெளி என்று எங்கும் படகை மணலில் இழுத்தேற்றுகிறோம். பின்பலகையில் நிலையாகப் பூட்டிய டிரான்ஸ்டியூசர் அதில் அடிபடுவது நிச்சயம். தட்டினால் மடங்கிக்கொள்ளும் தாங்கி கிடைத்தால் அதைப் போடுங்கள். இல்லாவிட்டால், படகின் பக்கவாட்டில் ஒரு குழாயைப் பிடிப்பாணியால் இறுக்கி, அதன் நுனியில் டிரான்ஸ்டியூசரைக் கட்டி, மீன் தேடும்போது மட்டும் இறக்கிக்கொள்ளலாம். வேகமாக ஓடும்போது தூக்கிவிட வேண்டும், ஆனால் தூக்கியதும் கருவியை அணைத்துவிடுங்கள். வலு கூடிய டிரான்ஸ்டியூசர்கள் காற்றில் நீண்ட நேரம் இயங்கினால் சூடேறிக் கெட்டுவிடும். நாளும் கரையேறும் சிறு படகுக்கு இந்தக் குழாய் முறையே பொருத்தமானது என்பது என் முடிவு.

படகுக்குள்ளே, அடித்தளத்தில் ஒட்டி வைக்கிற முறையும் இருக்கிறது. அது கண்ணாடியிழை மட்டும் உள்ள இடத்தில்தான் செல்லும். உள்ளே பலகையோ நுரையோ வைத்து மூடிய இடம் ஒலியை விடாது. ஒட்டுவதற்கு முன் அந்த இடத்தில் சிறிது தண்ணீர் தேங்கவிட்டு, அதில் டிரான்ஸ்டியூசரை வைத்துப் படம் வருகிறதா என்று பாருங்கள். வந்தால் மட்டும் குமிழி இல்லாத எப்பொக்சியால் ஒட்டுங்கள். நுண்ணிய விவரம் கொஞ்சம் குறையும், நீரின் வெப்பநிலையும் சரியாகத் தெரியாது.

மங்கலுக்குக் காரணம் பெரும்பாலும் முகத்தில் படிந்த பாசியும் ஒட்டுச் சிப்பியும் எண்ணெய்ப் படலமும். மண்ணெண்ணெய்ப் புகையும் எண்ணெயும் கலந்த நீரில் நின்று, பிறகு வெயிலில் காய்ந்த முகத்தில் தண்ணீர் ஒட்டாது. ஒட்டாத இடத்தில் காற்று நிற்கும். பாத்திரம் கழுவும் சோப்பு நீரும் மென்மையான துணியும் கொண்டு துடைத்தாலே பாதி மங்கல் போய்விடுவதைக் காண்பீர்கள். சிப்பி ஒட்டியிருந்தால் நன்கு ஊறவிட்டு, மரச் சீவலாலோ பிளாஸ்டிக் அட்டையாலோ தள்ளி எடுங்கள். கத்தி வேண்டாம். மிச்சத்துக்கு நுண்ணிய உப்புத்தாளை நனைத்து மெல்லத் தேய்க்கலாம். தின்னர், அசற்றோன், பெற்றோல் மூன்றும் டிரான்ஸ்டியூசரின் பிளாஸ்டிக்கைத் தின்றுவிடும். படகின் அடிக்குப் பூசும் பாசி தடுப்புப் பெயின்ட்டையும் அதன்மேல் பூசக் கூடாது. நீரில் கரையும் வகை, டிரான்ஸ்டியூசருக்கென்றே வருவது மட்டும் சரி.

துடைத்த பிறகும் மங்கல் என்றால் இணைப்பைப் பாருங்கள். திரையின் பின்னால் உள்ள பிளக்கைக் கழற்றினால் ஊசிகளில் பச்சையோ வெள்ளையோ பூத்திருக்கிறதா? இணைப்புத் துப்புரவாக்கும் தெளிப்பானும் பழைய பல் தூரிகையும் போதும்; நன்றாகக் காய்ந்த பின் பூட்டுங்கள். டிரான்ஸ்டியூசர் வயர் நீளமாக இருக்கிறது என்று வெட்டி ஒட்டவே வேண்டாம். அதில் வருவது மிக நுண்ணிய மின்சாரம், உறை கெட்டால் இரைச்சல் புகுந்துவிடும். மிச்சத்தைத் தளர்வாகச் சுருட்டிக் கட்டி வையுங்கள்.

அடுத்தது ஸ்டார்ட் செய்யும்போது திரை அணைவது. ஸ்டார்ட்டர் மோட்டார் ஒரே இழுப்பில் பற்றரியின் வோல்ட்டை இறக்கிவிடுகிறது. 10 வோல்ட்டுக்குக் கீழே போனால் அநேகமான கருவிகள் அணைந்துவிடும். முழுதாகச் சார்ஜ் ஏறிய 12 வோல்ட் பற்றரி, ஓய்வில் 12.6 வோல்ட்டுக்கு மேல் காட்ட வேண்டும். 12 வோல்ட் என்றால் அது ஏறக்குறைய வெறுமையாகிவிட்டது. மல்ரிமீற்றரைக் கருவியின் பிளக்கிலேயே வைத்து, கருவி எரிந்துகொண்டிருக்கும்போது அளவுங்கள். பற்றரியில் 12.6-உம் பிளக்கில் 11.5-உம் இருந்தால் இடையில் உள்ள வயர்தான் கள்ளன். முறுக்கி ரேப் சுற்றிய இணைப்புகள் நம் உப்புக் காற்றில் ஒரு மாரிக்குத் தாங்காது. ஈயம் வைத்து ஒட்டி, சூடாக்கினால் சுருங்கும் பசைக் குழாய் போட்டு மூடுங்கள். கருவியின் கையேட்டில் உள்ள அளவு ஃபியூஸைப் பற்றரிக்கு அருகே வைத்து, நேரே பற்றரியிலிருந்து இழுங்கள்.

இன்னும் நல்லது, கருவிக்குத் தனியாக ஒரு சிறு பற்றரி. உங்கள் அளவுத் திரை ஒரு ஆம்பியருக்குக் குறைவாகவே எடுக்கும். 7 ஆம்பியர்-மணி பற்றரியில் பாதியை மட்டும் செலவிட்டாலும் மூன்றரை மணி நேரத்துக்கு மேல் ஓடும். கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்யும் இயந்திரம் வைத்திருப்பவர்களுக்கும் இதையே சொல்கிறேன். அவர்களில் சிலர் இயந்திரத்தின் விளக்குச் சுருளிலிருந்து நேரடியாகக் கருவிக்கு மின்சாரம் எடுக்கப் பார்க்கிறார்கள். அது இயந்திர வேகத்தோடு ஏறி இறங்கும் மாறுதிசை மின்சாரம். அதை நேர்திசை மின்சாரமாக்கும் ரெக்ரிஃபயரும் வோல்ட்டைச் சீராக்கும் ரெகுலேற்றரும் இல்லாமல் கொடுத்தால் திரை உண்மையாகவே போய்விடும்.

புள்ளியும் கோடுமாக இரைச்சல் வந்தால் இயந்திரம், எல்ஈடி விளக்கு, கைபேசி சார்ஜர், வானொலி என்று ஒவ்வொன்றாக நிறுத்திப் பாருங்கள். எது நின்றதும் படம் தெளிகிறதோ அதன் வயரிலிருந்து டிரான்ஸ்டியூசர் வயரைத் தள்ளி வையுங்கள். பக்கத்துப் படகும் அதே அலைவரிசையில் இயங்கினால் சாய்வான கோடுகள் விழும். அலைவரிசையை மாற்றினால் போய்விடும்.

மீன் சின்னம் காட்டும் வசதியை அணைத்துவிடுங்கள் என்றும் ஒரு வேண்டுகோள். எதிரொலியைக் கருவியே ஊகித்து மீன் சின்னமாக வரைவது பாசித் துண்டையும் குமிழியையும் மீனாக்கிவிடும். வில்லும் கோடும் உள்ள மூலப் படத்தையே பாருங்கள். மீன் தரும் எதிரொலியில் பெரும்பகுதி அதன் காற்றுப்பையிலிருந்து வருகிறது. சூரைக்குக் காற்றுப்பை இல்லை. ஆகவே மேலே கடல் கொதிப்பதுபோல் சூரை துள்ளினாலும் திரையில் மெலிதாகத்தான் தெரியும். கணவாயும் அப்படியே. சாளை, நெத்தலிக் கூட்டம் சிறு மீன்களானாலும் அடர்ந்த மேகமாகத் தெரியும். சென்சிட்டிவிட்டியை, அதாவது எதிரொலியைப் பிடிக்கும் கூர்மையை, திரை முழுதும் புள்ளி விழும்வரை கூட்டி, பிறகு புள்ளி மறையும் அளவுக்குக் குறைத்து நிறுத்துங்கள். ஆழம் மாறினால் மறுபடி செய்ய வேண்டும்.

அடுத்த மாரிக்கு, வாடைக் காற்று எழும்பிப் படகு கரையேறும் நாளிலேயே திரையைக் கழற்றி வீட்டுக்குக் கொண்டுபோங்கள். காய்ந்த உப்பைத் துணியால் தேய்த்தால் திரை கீறும். முதலில் நல்ல தண்ணீரில் நனைத்த துணியால் ஒற்றி உப்பைக் கரைத்துவிட்டுத்தான் துடைக்க வேண்டும். கண்ணாடி துடைக்கும் திரவங்கள் வேண்டாம். உள்ளே ஈரம் படிந்தாலும் திருகைக் கழற்றாதீர்கள், திறந்தால் நீர்காப்பு போய்விடும். டிரான்ஸ்டியூசரைப் பாசி காயும் முன் கழுவுங்கள். படகில் தொங்கும் வயர் நுனிகளுக்கு மூடி போட்டு, பொலித்தீன் சுற்றி, எலி கடிக்காத உயரத்தில் கட்டுங்கள். பற்றரியை மாதம் ஒருமுறை சார்ஜ் ஏற்றுங்கள்.

இத்தனையும் செய்த பிறகும் பத்துப் பாகத்துக்குள்ளேயே தரை தெரியவில்லை என்றால், அதே மாதிரிக் கருவி வைத்திருக்கும் ஒருவரிடம் டிரான்ஸ்டியூசரை இரவல் வாங்கி உங்கள் திரையில் பூட்டிப் பாருங்கள். படம் வந்தால் உங்கள் டிரான்ஸ்டியூசருக்குள் வில்லை வெடித்திருக்கிறது அல்லது நீர் புகுந்திருக்கிறது. அதை மட்டும் வாங்கினால் போதும். வாங்கும்போது பழையதன் மாதிரி எண்ணைக் கொண்டுபோங்கள். பிளக்கின் ஊசிகளின் எண்ணிக்கை மட்டும் ஒத்தால் போதாது, அலைவரிசையும் வலுவும் உங்கள் திரைக்குரியதாக இருக்க வேண்டும்.